பேச்சியம்மாள் சொன்னதும் நீ சொன்னதும்

நம் ஊர் நிலத்தில் எதுவுமே விளைந்ததில்லை என்று வெளிநாட்டுக்காரர்களிடம் பொய் சொல்லித்தான் நீ மேலே போனாய். நாற்பத்தோரு குடும்பங்களின் நிலம் அந்தப் பொய்க்குள் மாட்டிக்கிடக்கிறது. அதில் ஒன்று உன் அத்தை பேச்சியம்மாளுடையது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடு மேய்த்தவள் அவள். நலமா, சாப்பிட்டாயா என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. அப்படித் தொடங்கிய மூன்று கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. அதனால் இந்த முறை விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நேற்று உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. சென்னையில் மண்டபம், தை மாத முகூர்த்தம். உன் பெயருக்குக் கீழே ‘பருவநிலை நிதி ஆலோசகர்’ என்று போட்டிருந்தது. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “பருவநிலைன்னா மழ, வெயிலுதான? அதுக்கு இவன் என்னத்த ஆலோசனை சொல்றான்?” என்றார். பணக்கார நாடுகள் விடுகிற புகையால் உலகம் சூடாகிறது, அதைத் தாங்கவும் குறைக்கவும் ஏழை நாடுகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள், அந்தப் பணம் எதற்குப் போகலாம் என்று இவன் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். அவர் பத்திரிகையை மடித்து உறைக்குள் வைத்தார். “அப்ப நம்ம ஊருக்கு வந்துச்சே, அந்த மாதிரியா?” என்று கேட்டார். நான் உலை வைக்கப் போய்விட்டேன்.

இந்தக் கடிதத்தை உன் முகவரிக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் பெண்கள் குழுக்கள் மாதாமாதம் அச்சடிக்கும் பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். உன் பெயரோ, என் பெயரோ, அன்று நீ வேலை பார்த்த கம்பெனியின் பெயரோ இதில் இருக்காது. குஜிலியம்பாறைப் பக்கத்தில் இதைப் படிக்கிற எவருக்கும் பெயர் தேவைப்படாது. பெற்ற பிள்ளையைச் சந்தியில் நிறுத்தலாமா என்று கேட்பார்கள். மூன்று முறை வீட்டுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். நீ வரவில்லை.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீ ஆறாவதோ ஏழாவதோ படித்த வருடம் மழை பாதியில் நின்றுபோனது. சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தது. முழுக்கக் காயவில்லை, பாதி தேறியது. வறட்சி நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தது. பாதி விளைச்சல் கண்டவனுக்கு நிவாரணம் கிடையாது. முக்கால்வாசிக்கு மேல் போனால்தான் கொடுப்பார்கள். அரைப் பட்டினிக்கு அவர்கள் தாளில் கட்டம் இல்லை. நான் பத்தாவது தேறியவள், சத்துணவு மையத்தில் அமைப்பாளர், ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவள். அன்று காலையில் ஊரைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். யார் கேட்டாலும் ஒன்றும் விளையவில்லை என்று சொல்லுங்கள், சோளத்தட்டையை வீட்டுக்குப் பின்னால் போடுங்கள், ஆடுகளை உள்ளே கட்டுங்கள் என்றேன். அதற்கு முன்னும் ஊரில் அப்படித்தான் வழக்கம். தாளும் பேனாவுமாக யார் வந்து நின்றாலும் எங்கள் வாயில் முதலில் வருவது ‘ஒண்ணும் இல்லைங்கய்யா’தான். நான் அதற்கு ஒத்திகை வைத்தேன், அவ்வளவுதான்.

அதிகாரி பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்று எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு கிடா கத்தியது. “உள்ள என்னம்மா?” என்றார். “எங்க மாமியாளுங்க. நெஞ்சுச் சளி” என்றாள் பேச்சி. கிடா மறுபடி கத்தியது. “மாமியாளுக்கு ரொம்ப முத்திருச்சு போல” என்று அந்த மனிதர் சிரிக்காமல் சொல்லிவிட்டு, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனார். நல்ல மனிதர். பிறகு கதவைத் திறந்து பார்த்தால், நீதான் அந்தக் கிடாவின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். ஒரு பொய்யை ஊரே சேர்ந்து சொன்னால் அது பொய்யில்லை என்று உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அந்த நிலம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதது இல்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வானம் பார்த்த பூமி. கிணறு வெட்டினாலும் பாறைதான். ஐந்து ஏக்கர் இருந்தால் இரண்டில் சோளம், ஒன்றில் கொள்ளு, மீதி இரண்டைச் சும்மா போடுவோம். சும்மா போட்ட இடத்தில் புல்லும் பூண்டும் முளைக்கும், ஆடு மேயும், அதன் புழுக்கை எருவாகும். அடுத்த வருடம் அங்கே சோளம், இங்கே ஆடு. பேச்சியம்மாளுக்கு நாலரை ஏக்கர், பதினெட்டு உருப்படி ஆடு. புருஷன் போன பிறகு அந்த ஆடுகளை வைத்துத்தான் அவள் மகள் செல்வியை வளர்த்தாள். நீ மதுரையில் என்ஜினியரிங் சேர்ந்த வாரம் அவள் அய்யலூர் சந்தைக்கு ஆறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய், வரும்போது கயிறுகளை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். “மருமகன் படிச்சிட்டு வந்து எனக்கு ஏரோப்பிளேன்ல எடம் புடிச்சுத் தருவான்” என்று ஊரெல்லாம் சொன்னாள். அந்தப் பணத்தை அவள் இன்றுவரை கேட்டதில்லை. நான் அதைக் கணக்குத் தீர்ப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நிலத்தில் என்ன இருந்தது என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

படிப்பு முடித்து, கம்பெனி ஆளாக நீ ஜீப்பில் வந்து இறங்கிய அன்று சத்துணவு மையத்தின் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். காலில் பூட்ஸ், கழுத்தில் அட்டை. அந்த வயதிலேயே நிற்க நேரமில்லாதவன் மாதிரி பேசினாய். “வெளிநாட்டு ஃபேக்டரிக்காரன் புகை விடுறான் அத்தை. அதைக் குறைக்க அங்க அவனுக்குச் செலவு ஜாஸ்தி. நம்ம ஊர்ல காட்டாமணக்கு வச்சா, அதோட எண்ணெய டீசலுக்குப் பதிலா ஊத்தலாம். செடியும் புகையக் குடிக்கும். அவன் குறைக்க வேண்டிய புகைய நாம குறைச்சதா எழுதிக்குவான். அதுக்குக் காசு குடுப்பான்” என்றாய். “அவென் பீடி குடிப்பான், நாம இருமணுமாக்கும்” என்றாள் பேச்சி. பாய் முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்தாய். பிறகு அவள் நிஜமாகவே கேட்டாள். “அம்புட்டுக் காசு வச்சிருக்கவுக நம்ம கொளத்தத் தூர் வாரிக் குடுக்கச் சொல்லு மருமகனே. நாலு மழைத் தண்ணி நின்னாப் போதும். மத்தத நாங்க பாத்துக்கிருவோம்.”

“அதுக்குக் குடுக்க மாட்டாங்க அத்தை. கொளம் புகைக் கணக்குல வராது. கொளத்துல கார்பன் இல்ல.”

“எங்க வயித்துலயும் இல்ல. அதான் இத்தன நாளா ஒருத்தனும் எட்டிப் பாக்கலயாக்கும்.”

அவள் அன்று வேடிக்கையாகச் சொன்னதை நான் பல தடவை யோசித்துவிட்டேன். வெயிலில் காய்கிறவர்கள் நாங்கள். எங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களிடம் கேட்கவில்லை. அவர்களுடைய புகைக் கணக்கில் எது குறையுமோ அதைத்தான் எங்கள் நிலத்தில் நடச் சொன்னார்கள். அதற்கு உதவி என்று பெயரும் வைத்தார்கள். இதை அன்றே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. என் பிள்ளை ஊருக்குத் திட்டம் கொண்டுவந்திருக்கிறான் என்ற மிதப்பில் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ ஒரு தாளை எடுத்து, நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டாய். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். தாளும் பேனாவும் வந்துவிட்டது அல்லவா, என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாலேயே கேட்டார்கள். நான் தலையாட்டினேன். ‘ஒண்ணும் இல்லை’ என்று முதலில் சொன்னவள் பேச்சிதான். அடுத்தடுத்து எல்லோரும் அதையே சொன்னார்கள். உன் பின்னால் இருபது அடியில் அவளுடைய சோளத்தட்டைப் போர் நின்றது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து எழுதினாய், எழுதும்போது உன் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கிடாவின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அதே பிள்ளை என்று நினைத்தேன். நாமெல்லோரும் சேர்ந்து வெளியூர்க்காரன் ஒருவனை ஏமாற்றுகிறோம், என் மகன் நம் பக்கம் இருந்து ஏமாற்றுகிறான் என்று நம்பினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அந்த நம்பிக்கைதான். நாற்பத்தோரு கையெழுத்தையும் கைநாட்டையும் வீடு வீடாகப் போய் ஒப்பந்தத்தில் வாங்கிக் கொடுத்தவள் நான். பதினைந்து வருடம் வேறு பயிர் செய்யக் கூடாது, ஆடு விடக் கூடாது என்று அதில் எழுதியிருந்ததை நான் படித்தேன். கேட்டபோது, “அதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா” என்றாய்.

செடி வந்தது. நீ படத்தில் காட்டிய செடி இல்லை. இரண்டு மழை தவறியதும் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. காய்த்ததும் பிடி விதைக்கு மேல் தேறவில்லை. அதையாவது வாங்க ஆள் வருமென்று மூட்டை கட்டி வைத்தவர்கள் வீட்டில் அது புழுத்தது. மேய்ச்சல் போனதும் ஆடுகளை வைத்துக்கொள்ள வழியில்லை. பேச்சி இரண்டு இரண்டாக அய்யலூருக்கு ஓட்டினாள். தீவனம் போனதற்காவது ஏதாவது கொடுங்கள் என்று குழுவின் சார்பில் நான் கம்பெனிக்கு மனு எழுதினேன். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடியில் அவர்கள் ஆபீஸ். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் தாளையே எடுத்து எங்களிடம் காட்டினார். “நீங்களே ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்களேம்மா. இல்லாத சோளத்துக்கும் இல்லாத ஆட்டுக்கும் நாங்க எப்படி நஷ்டஈடு குடுக்குறது?” என்றார். பேச்சி என் பக்கத்தில் நின்றாள். படி இறங்கும்போது, “நம்ம வாயே நமக்கு விலங்கு மாட்டிருச்சு மதினி” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு வந்தது. அந்தச் செடிகள் உண்மையில் யாருடைய சோற்றையும் கெடுக்காமல் வளர்கின்றனவா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் சரி என்று எழுதினால்தான் அங்கிருந்து பணம் வரும். நீ மொழிபெயர்க்க வந்தாய். பேச்சியின் நிலத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள், அந்த அம்மா அதில் உட்காராமல் வரப்பில் உட்கார்ந்தார். வயதானவர், வெயிலில் முகம் சிவந்திருந்தது, குடிக்கக் கொடுத்த மோரை மிச்சம் வைக்காமல் குடித்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நீ தமிழில் சொன்னாய்: “இந்தச் செடி வைக்கிறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சுன்னு கேக்குறாங்க அத்தை.” பேச்சி இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. நேராக அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“சோளம் போட்டோம். கொள்ளு போட்டோம். ஒரு வருசம் வெதச்சா ஒரு வருசம் ஆடு மேயும். பதினெட்டு உருப்படி வச்சிருந்தேன். இப்ப பட்டியில ஆடு ரெண்டுதான், மிச்சம் கயிறாக் கெடக்கு. இந்தச் செடிய ஆடு தின்னாது, அடுப்புலகூட நின்னு எரியாது. எங்க நெலத்த எங்ககிட்ட விட்டுறச் சொல்லு மருமகனே. அந்தம்மா நல்லவுகளாத் தெரியிறாக. சொன்னாக் கேப்பாக.”

 நீ அந்த அம்மாவிடம் திரும்பி, “நத்திங், மேடம். ஒன்லி டிரை லேண்ட். நோ கிராப், நோ அனிமல்ஸ். ஷீ இஸ் ஹாப்பி வித் த பிராஜெக்ட்” என்றாய்.

வெறும் காய்ந்த நிலம், பயிரும் இல்லை, ஆடும் இல்லை, இவளுக்குத் திட்டத்தில் சந்தோஷம் என்று நீ சொன்னதைப் புரிந்துகொள்ள நான் பத்தாவது வரை படித்த ஆங்கிலம் போதும். நான் ஐந்தடி தூரத்தில் மோர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். ‘நோ, மேடம்’ என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் நீ ஆங்கிலம் பேசுவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் என் மகனைப் பொய்யன் என்று எப்படிச் சொல்வது என்று நின்றேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார், பேச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார் போன பிறகு பேச்சி என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். “மதினி, ஒனக்குத்தான் வெளங்கும். நான் சொன்னத அப்புடியே சொல்லிட்டானா?”

நான் ஆமாம் என்றேன்.

அந்த ‘ஆமாம்’ என் கணக்கில் இருக்கிறது. அதை உன் தலையில் கட்டவில்லை. அந்த வார்த்தையை நம்பி அவள் ஒரு வருடம் காத்திருந்தாள். அந்த அம்மா ஊருக்குப் போய்ச் சொல்லியிருப்பாக, கடுதாசி வரும் என்று தபால்காரரை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பேச்சி கடைசி ஆட்டையும் விற்ற மாதத்தில் செல்வி பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வேடசந்தூர் மில்லுக்குப் போனாள். அந்த மில் பஸ்ஸை ஓட்டுகிறவர் உன் அப்பா. விடியுமுன் ஏறி உட்கார்ந்ததும் செல்வி தூங்கிவிடுகிறாளாம். “எனக்கு மேல உள்ள கண்ணாடியில அவ மூஞ்சிதான் தெரியுது. கண்ணாடியத் திருப்பி வச்சா பின்னால வார லாரி தெரியாது. நான் என்ன செய்யட்டும்?” என்று ஒருநாள் கேட்டார். உன்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே குறை அதுதான்.

உன்னிடம் போனில் கேட்டேன். நீ அப்போது அந்தக் கம்பெனியை விட்டு டெல்லிக்குப் போயிருந்தாய். நீ கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி விளக்கினாய். “அங்க ஒரு கட்டம் இருக்கும்மா. முன்னாடி ஏதாவது விளைஞ்சுதுன்னு போட்டா திட்டத்தையே தள்ளிருவாங்க. ஒரு ரூபா நம்ம பக்கம் வராது. நான் சொன்னதுல யாருக்கு நஷ்டம்? செடி சரியா வந்திருந்தா எல்லாரும் என்னைக் கும்பிட்டிருப்பீங்க. நீயும் அதத்தான செஞ்ச, நிவாரணக் கணக்குக்கு?” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.  அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

நான் பொய் சொன்னது அரைப் பட்டினிக்கு அரிசி வாங்க. பொய் சொன்னவர்களே அந்த அரிசியைப் பொங்கித் தின்றார்கள், பிடிபட்டிருந்தால் அவர்களே தண்டனையையும் வாங்கியிருப்பார்கள். அப்படியும் அது தப்புதான். அதன் பலனை இன்று அனுபவிக்கிறோம். நீ சொன்ன பொய்யில் உனக்கு எதுவும் போகவில்லை. நிலம் உன்னுடையது இல்லை, ஆடு உன்னுடையது இல்லை. செடி செத்தால் பேச்சிக்கு நட்டம், பிழைத்தால் வெளிநாட்டுக்காரனுக்குப் புகைக் கணக்கு, இரண்டில் எது நடந்தாலும் உனக்கு அடுத்த வேலை. மழை தவறினால் யார் தாங்குவது என்று உங்கள் தாள்களில் ஓரிடத்திலாவது எழுதியிருந்ததா? நாங்கள் கூட்டாகச் சொன்ன ஒரு பழைய பொய்யை, அது பொய் என்று தெரிந்தே, எங்கள் கையெழுத்தோடு எடுத்துக்கொண்டு போனாய். அதுகூடப் போகட்டும். அவள் வாயைத் திறந்து முதல் தடவையாக உண்மையைச் சொன்னபோது, கேட்பதற்கு ஓர் ஆள் கடல் தாண்டி வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, நடுவில் நின்ற நீ அதைக் கொன்றாய். ஏழை நாட்டுக்கு நியாயமாகப் பணம் வர வேண்டும் என்று நீ மேடைகளில் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். நல்ல பேச்சு. பணம் எவ்வளவு என்பதை மட்டும்தான் பேசுகிறாயா, நடுவில் நிற்கிறவர்களைப் பற்றியும் பேசுகிறாயா?

பேச்சியிடம் போன மாதம் சொல்லிவிட்டேன். நூறு நாள் வேலையில் குளத்து மண் அள்ளிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அன்றைக்கு நீ சொன்னதைச் சொல்லவில்லை, ஒன்றும் இல்லை என்று சொன்னான் என்றேன். அவள் தூக்குவாளியை மூடினாள்.

“நீ அன்னைக்கு ஆமான்னு சொன்ன, மதினி.”

“சொன்னேன்.”

“அவன் நாளைக்கு ஏரோப்பிளேன் ஏறப் போறவன். அவனுக்கு ஆயிரம் இருக்கும். நீ தெனம் என் மூஞ்சியில முழிக்கிறவ. ஒனக்கு என்ன வந்துச்சு?”

 அவள் மண்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. குழுக் கூட்டத்துக்கு வருகிறாள், கடைசியில் உட்காருகிறாள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாள். போன வாரம் உன் அப்பாவிடம், மில் பஸ் நிற்கும் இடத்தில், ஒரு சேதி சொல்லி அனுப்பினாள். “அண்ணே, அவன் அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு எழுதித் தரட்டும். தந்தா நெலமும் மீளும், மதினிகிட்டயும் பேசிக்கிறேன்.”

அவள் சொல்வது சரி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திண்டுக்கல்லில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். அந்த வெளிநாட்டு அம்மா எழுதிய அறிக்கை நிற்கும் வரை ஒப்பந்தமும் நிற்கும். அந்த அறிக்கை தவறான பதிலை வைத்து எழுதப்பட்டது என்று அன்றைக்கு மொழிபெயர்த்தவனே எழுதிக் கொடுத்தால், அதை வைத்து ஒப்பந்தத்தை உடைக்க வழி இருக்கிறது என்றார். எங்கள் நாற்பத்தோரு பேர் சொல்லுக்கு மதிப்பு இல்லை, நாங்கள்தான் ஏற்கெனவே ‘ஒண்ணும் இல்லை’ என்று கைநாட்டு வைத்தவர்கள் ஆயிற்றே. நீ எழுதினால் உனக்கு என்ன ஆகும் என்றும் கேட்டேன். அம்மா அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தத் துறையில் இனி யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள், உனக்குக் கிடைத்திருக்கிற வெளிநாட்டு உத்தியோகமும் போகலாம் என்றார். பெண் வீட்டார் அதைப் பார்த்துத்தான் பெண் கொடுக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் ஒரு தாய் சொல்ல வேண்டிய புத்திமதி எதுவும் இதில் இல்லை என்று நினைப்பாய். ஒன்று இருக்கிறது. வருகிற பெண் உன்னிடம் நம்பி எதையாவது சொல்வாள். அதை நீ அவள் சார்பில் வேறொருவரிடம் சொல்ல வேண்டிய நேரம் வரும். டாக்டரிடமோ, அவள் அப்பாவிடமோ, நாளை உங்கள் பிள்ளையிடமோ. அவள் சொன்னதை அப்படியே சொல். உனக்குச் சங்கடமாக இருந்தாலும் அப்படியே சொல். அதைச் செய்ய முடியாதவனோடு ஒரு பெண் எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் குச்சிகளைப் பிடுங்கி ஒரு உழவு போட்டால் கொள்ளாவது விதைத்துவிடலாம் என்று நாற்பத்தோரு வீட்டிலும் பேச்சாக இருக்கிறது. ஒப்பந்தம் உடையாமல் கை வைத்தால் கம்பெனி வழக்குப் போடும் என்ற பயமும் இருக்கிறது. விதையை வாங்கி வைத்துக்கொண்டு உன் தாளுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். தபால்காரர் இன்றும் வந்தார். உன் மண்டபத்துக்கு வழி அச்சடித்த இன்னொரு அட்டை இருந்தது, நீ எழுதியது எதுவும் இல்லை.

பணம் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அதை வைத்து இங்கே எதையும் விதைக்க முடியாது. ஒரு தாள் போதும். ஆங்கிலத்திலேயே எழுது, அதுதான் உனக்கு நன்றாக வருகிறது. அந்த அம்மா வரப்பில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். பேச்சியம்மாள் அதற்கு ஒரு பதில் சொன்னாள். என்ன சொன்னாள்? எழுது.